மண்புழுவைத் தவிர எதையும் தொடாத கார்ட்டர் பாம்பை மீனுக்கும் எலிக்கும் பழக்குவது எப்படி?

கேள்வி, சுருக்கமாக: டொராண்டோ பக்கம் இருக்கிறோம். மகள் ஆசைப்பட்டுக் கேட்டதால் வளர்ப்பவர் ஒருவரிடமிருந்து கார்ட்டர் பாம்பு (வட அமெரிக்காவின் சிறிய பாம்பு வகை) ஒன்று வாங்கினோம். ஒரு வயது இருக்கும். நறுக்கிய மண்புழு என்றால் பாய்ந்து தின்கிறது. உறைந்த சுண்டெலிக் குட்டியை வாங்கி உருக்கி வைத்தால், நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. "மூன்று வாரம் பட்டினி போடுங்கள், தானாக வழிக்கு வரும்" என்கிறார் கடைக்காரர். அவர் சொன்னபடி செய்யலாமா? இல்லை, கோல்ட்ஃபிஷ் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்:

கோல்ட்ஃபிஷ் வேண்டாம். பட்டினியும் வேண்டாம். முதலாவது உயிருக்கே ஆபத்தாகலாம். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இரண்டாவதால் பயனில்லை. பசி முற்றினால் உங்கள் பாம்பு இன்னும் வெறியோடு மண்புழுவைத் தேடுமே தவிர, சுண்டெலிக் குட்டி உணவு என்பது அதற்குத் தெரியப்போவதில்லை. அது அடம் பிடிப்பதாக நினைக்காதீர்கள். அதன் கணக்கில் அங்கே உணவு எதுவும் வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

கார்ட்டர் பாம்பு எதை உணவு என்று முடிவு செய்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் நன்றாகவே தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் கார்டன் பர்கார்ட் 1960களில் செய்த சோதனை இதில் பெயர்பெற்றது. பிறந்து ஒரு கவளம்கூடத் தின்றிராத பாம்புக் குட்டிகள். மண்புழு, மீன், தவளை, பூச்சி என ஒவ்வொன்றையும் நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து அவற்றின் முகத்தருகே காட்டினார். தங்கள் இனம் வழக்கமாகத் தின்னும் இரையின் சாறு என்றால் குட்டிகள் நாக்கை விறுவிறுவென்று நீட்டின. சில வாயைப் பிளந்து பஞ்சையே கவ்வின. வெறும் நீரில் தோய்த்த குச்சியைக் கிட்டத்தட்ட கண்டுகொள்ளவில்லை. உருவம், அசைவு, சூடு எதுவும் இல்லாமல், மணம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

மணம் என்று நான் சொன்னாலும், இங்கே மூக்குக்குப் பெரிய வேலை இல்லை. பிளந்த நாக்கு பொருளைத் தொட்டு, அதில் ஒட்டிய வேதித் துகள்களை மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகிறது. ஜான் கூபி, மிமி ஹால்பர்ன் இருவரும் இந்த உறுப்புக்குப் போகும் நரம்பை வெட்டிப் பார்த்தபோது, கார்ட்டர் பாம்புகளால் மண்புழு ஊர்ந்த தடத்தைப் பின்தொடர முடியவில்லை. மூக்கின் நரம்பை மட்டும் வெட்டிய பாம்புகள் வழக்கம்போலத் தடம் பிடித்துப் போயின. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் எளிமையானது: புது உணவை நாக்கு எட்டும் தூரத்தில், நாக்கு தொடும்படி, அசையாமல் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். பலர் இடுக்கியில் சுண்டெலிக் குட்டியைப் பிடித்துக்கொண்டு பாம்பின் முகத்துக்கு நேரே ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறார்கள். மலைப்பாம்புக்கு அது சரிவரலாம். இது சிறிய, எளிதில் மிரளும் பாம்பு. ஆட்டினால் ஓடத்தான் பார்க்கும்.

நம் ஊர்க் குளத்திலும் வயலிலும் பார்க்கும் தண்ணீர்ப் பாம்பு இதே உபகுடும்பத்தைச் சேர்ந்ததுதான். மீனும் தவளையும் பிடித்துத் தின்னும் அதன் குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் கார்ட்டர் பாம்பு பாதி புரிந்துவிடும். (ஊரிலிருந்து யாராவது இதைப் படித்துவிட்டுத் தண்ணீர்ப் பாம்பைப் பிடித்து வளர்க்கக் கிளம்ப வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.)

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கார்ட்டர் பாம்பு என்ற பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நாக்கு ஒன்றல்ல. ஒன்டாரியோவில் பரவலாகக் காணப்படும் கிழக்கத்திய கார்ட்டர், மண்புழு, தவளை, தேரை, மீன் எனக் கலந்து தின்னும். சமவெளிக் கார்ட்டர், கட்டம்போட்ட கார்ட்டர் இரண்டும் எலிக்குச் சுலபமாகப் பழகும். மேற்கே இருக்கும் வாண்டரிங் கார்ட்டர் காட்டிலேயே எலி பிடிக்கும் ஆசாமி. ரிப்பன் பாம்பு நேர் எதிர்: மீனும் தவளையுமே அதன் உலகம், மண்புழுவை ஏறெடுத்தும் பார்க்காது. உங்களுடையது மண்புழு தின்கிறது என்பதால் ரிப்பனாக இருக்க வாய்ப்பில்லை. பட்லர் கார்ட்டர் மண்புழுவையே நம்பி வாழ்வது. அது ஒன்டாரியோவில் அழியும் நிலையில் இருக்கிறது, வீட்டில் இருக்கவே கூடாது.

ஒரே இனத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. ஸ்டீவன் ஆர்னால்ட் என்ற ஆய்வாளர் 1970களில் கலிபோர்னியாவில் ஒரே இனத்துக் கார்ட்டர் பாம்புகளைக் கடலோரத்திலிருந்தும் உள்நாட்டு ஏரிப் பகுதியிலிருந்தும் கொண்டுவந்து ஒப்பிட்டார். கடலோரத்தில் ஓடில்லா நத்தைகள் ஏராளம், அங்குள்ள பாம்புகளுக்கு அதுதான் முக்கிய உணவு. உள்நாட்டில் நத்தையே கிடையாது. ஆய்வகத்தில் பிறந்த குட்டிகளிலும் அந்த வேறுபாடு தெரிந்தது: கடலோரத் தாயின் குட்டிகளில் பெரும்பாலானவை நத்தையைத் தின்றன, உள்நாட்டுத் தாயின் குட்டிகளில் பெரும்பாலானவை மறுத்தன. ஆனால் "பெரும்பாலானவை" என்பதைக் கவனியுங்கள். உள்நாட்டுக் குட்டிகளிலும் சில, வாழ்க்கையில் பார்த்தே இராத நத்தையை விழுங்கின. ஆகவே ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பாம்புகளில் ஒன்று எலிக்கு மாறி மற்றொன்று மாறாவிட்டால், உங்கள் கைப்பக்குவத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உங்கள் பாம்பு ஆசையாகத் தின்னும் அந்தப் பெரிய நைட்கிராலர் மண்புழு இந்தக் கண்டத்துப் பிராணியே அல்ல. பனியுகத்தில் பனிப்பாறைகள் மூடியிருந்த கனடாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மண்புழுவே மிஞ்சவில்லை. ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டுவந்த செடிகளோடும் மண்ணோடும் வந்து பரவியதுதான் இது. இன்று இந்தப் பக்கத்துக் கார்ட்டர் பாம்புகளின் சாப்பாட்டில் பெரும்பங்கு சில நூற்றாண்டுக்கு முன்பு வந்த அந்நிய உணவு. புது உணவுக்குப் பழகாத குலமில்லை இது. (மிஞ்சிய மண்புழுவைக் காட்டுப் பக்கம் கொட்டாதீர்கள், இலைச் சருகைத் தின்று காட்டின் தரையையே மாற்றிவிடுகிறது.)

சரி, மாற்றியே ஆக வேண்டுமா? நல்ல மண்புழுவே தொடர்ந்து கிடைத்து, அதோடு கால்சியம், விட்டமின் பொடியும் தூவினால் பாம்பு பிழைத்துக்கிடக்கும். ஆனாலும் பழக்குவது நல்லது என்றே சொல்வேன். குளிர்காலத்தில் தோட்டத்தில் புழு தோண்ட முடியாது, தூண்டில் கடைகளிலும் வரத்து குறையும். நீங்கள் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்பவருக்கு உறைபெட்டியில் இருக்கும் உணவுதான் வசதி. சுண்டெலிக் குட்டி எலும்பு, ஈரல், எல்லாம் சேர்ந்த முழு உணவு. கழிவும் கெட்டியாக, நாற்றம் குறைவாக இருக்கும். மீன் மட்டும் தின்னும் கார்ட்டர் பாம்பின் தொட்டியைச் சுத்தம் செய்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று புரியும். அதே சமயம் எலி மட்டுமே கொடுத்துக் கொழுத்துப்போன கார்ட்டர் பாம்புகளும் நிறைய. நான் சொல்லும் இலக்கு, மண்புழு, மீன், எலி மூன்றையும் ஏற்கும் பாம்பு.

தொடங்குமுன் தொட்டியைப் பாருங்கள். வெப்பமான மூலை 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 24 வரை இருக்க வேண்டும். வெப்பம் போதாவிட்டால் செரிக்காது. செரிக்காது என்றால் தின்னவும் செய்யாது, தின்றாலும் கக்கிவிடும். கண் பால்போல மங்கியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது, அந்த வாரம் எதையும் புதிதாக நீட்ட வேண்டாம். இலையுதிர் காலத்தில் வெளியே பொழுது குறையும்போது வீட்டுக்குள் இருக்கும் பாம்பும் சிலசமயம் மந்தமாகும். வசந்தத்தில் ஆண் பாம்புக்குச் சாப்பாட்டு நினைப்பே இருக்காது. சினைப்பட்ட பெண் பாம்பும் (இவை முட்டையிடுவதில்லை, குட்டி போடும்) கடைசி வாரங்களில் மறுக்கும். இவை எதுவும் இல்லாமல், மண்புழுவை வழக்கமான வேகத்தில் தின்றுகொண்டிருக்கும் பாம்பைத்தான் பழக்கத் தொடங்க வேண்டும்.

ஒரு சிறிய பரிசோதனை செய்துபாருங்கள், மகளுக்கும் பிடிக்கும். பர்கார்டின் பஞ்சுக் குச்சிதான். மண்புழு, ட்ரவுட் மீன், சுண்டெலிக் குட்டி ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, குச்சியைத் தோய்த்து, மூக்கிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். முதலில் வெறும் நீர், பிறகு மற்றவை, நடுவில் நல்ல இடைவெளி. அரை நிமிடத்தில் நாக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். வெறும் நீரைவிட மீனுக்கு நாக்கு அதிகம் வந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. எலிச் சாற்றுக்கும் வெறும் நீருக்கும் வித்தியாசமே இல்லை என்றால், எலியை நேராக வைத்துக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. குச்சியைக் கவ்வ வந்தால் உடனே இழுத்துவிடுங்கள். பஞ்சு வயிற்றுக்குள் போய்விடக் கூடாது.

மண்புழுவிலிருந்து எலிக்குத் தாண்டுவது நீண்ட தாண்டல். நடுவில் மீன் என்று ஒரு படி வையுங்கள். பெரும்பாலான கார்ட்டர் பாம்புகள் மீனுக்குச் சீக்கிரம் மாறும்.

இங்கேதான் கோல்ட்ஃபிஷ் விவகாரம். சில மீன்களின் உடலில் தியாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது விட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். 1930களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சேஸ்டெக் என்பவரின் நரிப் பண்ணையில், கெண்டை வகை மீனைப் பச்சையாகத் தின்ற நரிகள் பக்கவாதம் வந்ததுபோல் விழுந்து செத்தன. அந்த நோய்க்கே அவர் பெயர் வந்துவிட்டது. பிறகுதான் இந்த நொதி பிடிபட்டது. கோல்ட்ஃபிஷும் அதே கெண்டைக் குடும்பம். கடையில் "ரோசி ரெட்" என்று மலிவாகத் தொட்டி தொட்டியாக விற்கும் சிறுமீனும் அப்படித்தான். ஒரு முறை தின்றால் ஒன்றும் ஆகாது, அதனால்தான் ஏமாற்றம். மாதக்கணக்கில் தின்ற பிறகு ஒருநாள் பாம்பின் தலை நடுங்கும், இரையைக் குறிபார்த்துக் கவ்வ முடியாமல் பக்கத்தில் கவ்வும், மல்லாக்கப் போட்டால் திரும்பத் தெரியாமல் கிடக்கும், பிறகு வலிப்பு. ஆரம்பத்திலேயே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் பி1 ஊசியில் வியக்கத்தக்க வேகத்தில் தேறிவிடும். தாமதித்தால் தேறாது.

உறைபெட்டியில் வைத்தால் இந்த நொதி அழியாது. ஏறக்குறைய 80 டிகிரியில் ஐந்து நிமிடம் வேகவைத்தால் அழியும். ஆனால் எதற்கு அந்தத் தொல்லை? தியாமினேஸ் இல்லாத மீனாகப் பார்த்து வாங்கிவிடலாம்: ட்ரவுட், சால்மன், திலாப்பியா, உயிருள்ள மீன் என்றால் கப்பி. தமிழ்க் கடையில் கிடைக்கிறதே என்று நெத்திலியையோ மத்தியையோ எடுத்துவிடாதீர்கள். அந்த உறவுமுறையில் நொதி உள்ள இனங்கள் பல. கருவாடு கூடவே கூடாது, உப்பு. மசாலா தடவியது, எண்ணெயில் அடைத்த டப்பா மீன், இவையும் வேண்டாம். தியாமினேஸ் உள்ள மீனை நல்ல மீனோடு ஒரே கிண்ணத்தில் கலப்பதும் தவறு, ஒன்றில் உள்ள நொதி மற்றதன் பி1ஐயும் தின்றுவிடும்.

எந்த மீனானாலும் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறையவைத்த பிறகு கொடுங்கள், ஒட்டுண்ணிகள் சாகும். முள் எடுத்த சதைத் துண்டில் கால்சியம் மிகக் குறைவு. ஊர்வனவற்றுக்கான கால்சியம், விட்டமின் பொடியைத் தூவியே ஆக வேண்டும். முழுச் சிறுமீன் கிடைத்தால் அது மேல். சால்மன் கொழுப்பு மிகுந்தது, தினசரிப் பண்டமாக்காதீர்கள்.

கொடுக்கும் முறை: ட்ரவுட் சதையைப் பாம்பின் உடல் தடிமனுக்குள் அடங்கும் மெல்லிய நாடாவாக, மண்புழு நீளத்துக்கு நறுக்குங்கள். நைட்கிராலர் ஒன்றையும் துண்டாக நறுக்கி, இரண்டையும் ஒரு தட்டையான கிண்ணத்தில் போட்டுப் புழுவின் வழுவழுப்பு மீனெல்லாம் ஒட்டும்படி புரட்டி எடுங்கள். வழக்கமான ஒரு வேளையைத் தவிர்த்துவிட்டு, அடுத்த வேளையில் வையுங்கள். பசி என்று நான் சொல்வது இவ்வளவுதான். கார்ட்டர் பாம்பு ஒரு துண்டை விழுங்கியதும் வெறி பிடித்தாற்போல் கிண்ணத்தில் இருப்பதையெல்லாம் கவ்வத் தொடங்கும். அந்த வெறிதான் நமக்கு உதவி: நாலு புழுத் துண்டுக்கு நடுவே ஒரு மீன் துண்டு தானாக உள்ளே போகும். அடுத்தடுத்த வேளைகளில் மீனைக் கூட்டி, புழுவைக் குறையுங்கள். பகலில், விளக்கடியில் உடம்பைச் சூடேற்றிக்கொண்ட பிறகு கொடுங்கள். இது பகலில் நடமாடும் பாம்பு.

கிண்ணத்தைக் கண்டுகொள்ளாத பாம்புக்குத் தண்ணீர்த் தட்டில் இரண்டு மூன்று கப்பி மீன்களை விட்டுப் பாருங்கள். நீர் ஆழம் குறைவாக இருக்கட்டும். அசைவும் மணமும் சேர்ந்து வரும்போது மறுக்கும் கார்ட்டர் பாம்பு அபூர்வம். கப்பியைப் பிடிக்கத் தொடங்கியதும் அதே தட்டில் ட்ரவுட் நாடாக்களையும் மிதக்கவிடலாம்.

மீன் பழகியதும் எலி. உறைந்த சுண்டெலிக் குட்டியை இரவு முழுவதும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் உருகவைத்து, பிறகு பையோடு வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும்வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பச்சையாக இருக்கும், சிலசமயம் வெடிக்கும். சூடானதும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். எலியின் சொந்த மணத்தைக் குறைத்தால்தான் பூசும் மணம் எடுபடும். ஈரத்தைத் துடைத்துவிட்டு மீன் துண்டாலோ மண்புழுவாலோ, எதன் மீது வெறி அதிகமோ அதனால், தலைமுதல் வால்வரை தேய்த்தெடுங்கள்.

முழுக் குட்டியை வைக்க அவசரப்படாதீர்கள். மற்றப் பல பாம்புகள் போல இரை முழு உருவத்தில் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் கார்ட்டருக்கு இல்லை. வெட்டிய துண்டையும் தின்னும். முதலில் குட்டியைத் துண்டுகளாக்கி மீனும் புழுவும் கலந்த கிண்ணத்தில் ஒன்றிரண்டைப் போடுங்கள். அருவருப்பாக இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் பத்துக் குட்டியை வெட்டி உறையவைத்துவிடலாம். சமையல் கத்தியும் பலகையும் இதற்கு ஆகாது, தனியாக வாங்குங்கள். துண்டைத் தயங்காமல் தின்கிறது என்று தெரிந்த பிறகு, மணம் பூசிய முழுக் குட்டி. அதுவும் சரிப்பட்டால், அடுத்த முறை தலையில் மட்டும் பூசுங்கள்; பாம்பு பெரும்பாலும் தலைப்பக்கமிருந்துதான் விழுங்கத் தொடங்கும். அதற்கடுத்து ஒரு தொட்டுத் தடவல். பிறகு ஒன்றுமில்லாமல்.

சங்கிலிபோலக் கோத்துக் கொடுக்கும் முறையும் உண்டு. பாம்பு மண்புழுத் துண்டை விழுங்கிக்கொண்டிருக்கும்போது, வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியோடு குட்டியின் மூக்கை இடுக்கியால் மெல்ல ஒட்டிவையுங்கள். தாடை நகர்ந்துகொண்டே இருக்கும். புழு முடிந்த இடத்தில் எலி தொடங்கும். பாதிக்குமேல் பாம்புகள் நிறுத்தாமல் தொடர்வதை நான் பார்த்திருக்கிறேன். கை நடுங்காதவர் செய்ய வேண்டிய வேலை.

ஒரு கட்டத்தில் மறுத்தால் ஒரு படி பின்னால் போங்கள். மறுத்த உணவைச் சில மணி நேரத்துக்குமேல் வெப்பமான தொட்டியில் விடாதீர்கள். அதே நாளில் மறுபடி மறுபடி நீட்டாதீர்கள். மூன்று நான்கு நாள் கழித்து ஏற்கெனவே தின்ற கலவையை வையுங்கள், வயிறு நிறையட்டும், அதற்கடுத்த வேளையில் மறுபடி முயலலாம். சில பாம்புகள் ஒரு மாதத்தில் முடித்துவிடும். சில ஆறு மாதம் இழுக்கும்.

புழுவை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. உரக்குழிக்கென்று விற்கும் ரெட் விக்லர் புழு கார்ட்டர் பாம்புக்கு ஆகாது. சிவப்பு உடலில் மஞ்சள் வளையம் தெரியும். சீண்டினால் நாற்றமடிக்கும் மஞ்சள் திரவத்தைக் கக்கும். அந்தத் திரவத்தில் லைசெனின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. தின்ற பாம்பு கக்கிவிடும், சிறிய பாம்பு என்றால் அதைவிட மோசமாகவும் போகலாம். "கனடியன் நைட்கிராலர்" என்று கேட்டு வாங்குங்கள். "யூரோப்பியன் நைட்கிராலர்" என்பது வேறு இனம்.

கக்குவதைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்பட இன்னொரு காரணம் உண்டு. 1973இல் பர்கார்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், இரையைத் தின்ற கார்ட்டர் பாம்புகளுக்குப் பிறகு லித்தியம் குளோரைடு செலுத்தி வயிற்றைக் கெடுத்தார்கள். குணமான பிறகும் அந்த இரையை அவை தவிர்த்தன. உடம்புக்கு முடியாமல் போனதை அந்த உணவின் கணக்கில் எழுதிக்கொள்கிறது பாம்பு. வீட்டில் இது எப்படி நடக்கும்? முதன்முதலாக எலி தின்ற அன்றே விளக்கு அணைந்து குளிர்ந்துபோனால், அல்லது தின்ற கையோடு மகள் தூக்கி விளையாடினால், அல்லது முதல் குட்டியே அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால். கக்கிவிட்டால் பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, சிறிய மண்புழுத் துண்டிலிருந்து தொடங்குங்கள். தின்ற பிறகு இரண்டு நாள் கையில் எடுக்கக் கூடாது என்பதை வீட்டில் எழுதியே ஒட்டிவிடுங்கள்.

உயிருள்ள சுண்டெலியை விடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கண் திறக்காத குட்டியைத் தாண்டி வேண்டாம். கார்ட்டர் பாம்பு இரையை நெரித்துக் கொல்லாது, அப்படியே விழுங்கப் பார்க்கும். பல் முளைத்த எலி திருப்பிக் கடிக்கும். வாயைத் திறந்து திணிப்பது மருத்துவர் செய்ய வேண்டியது, நன்றாகப் புழு தின்னும் பாம்புக்கு அதற்கு அவசியமும் இல்லை. பின்னால் இரண்டாவது பாம்பு வாங்கினால் சாப்பாட்டு நேரத்தில் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். ஒரே துண்டின் இரு முனையை இரண்டும் கவ்வினால், பெரியது சிறியதையும் சேர்த்து விழுங்கும் அளவுக்கு அந்த வெறி கண்ணை மறைக்கும்.

பாம்பையும் தொட்டியையும் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஊர்வன உடலில் சால்மொனெல்லா கிருமி சாதாரணம். தொடுவதற்கு முன்பும் கழுவ மகளிடம் சொல்லுங்கள்: மீன் வாடை அடிக்கும் விரலை அது மீன் என்றே நினைக்கும். அத்தைமார் யாராவது கிண்ணத்தில் பால் வைக்கச் சொன்னால் சிரித்து வையுங்கள், பால் வைக்காதீர்கள்.

ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் தராசு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை எடை குறித்துவாருங்கள். எடை நிலையாகவோ கூடியோ இருக்கும்வரை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் பழக்கிக்கொண்டிருக்கலாம். தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் இறங்கினால் பழக்குவதை நிறுத்திவிட்டு மண்புழுவுக்குத் திரும்புங்கள். மண்புழுவையே மறுக்கத் தொடங்கினால் அது உணவுப் பழக்கம் சம்பந்தப்பட்ட சிக்கல் அல்ல. கழிவின் மாதிரியையும் எடைக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், குடற்புழு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.